செல்லப் பாம்பு ஏன் கடிக்கிறது? இரை வைக்கும்போது நடக்கும் தவறுகள் என்னென்ன? - முழு விளக்கம்

வெளிநாட்டில் இருந்து சென்னை விமான நிலையம் வரும் பெட்டிகளில் சிக்குவது தங்கம் மட்டும் இல்லை, பாம்புகளும்தான். 2023 ஏப்ரல் மாதம் கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பெண் பயணியின் பெட்டிகளைத் திறந்த சுங்கத்துறை அதிகாரிகள், உள்ளே இருந்து 22 பாம்புகளையும் ஒரு பச்சோந்தியையும் எடுத்தார்கள். பாங்காக்கில் இருந்து வரும் விமானங்களிலும் இதே கதை பலமுறை நடந்திருக்கிறது.

இப்படி வரும் பாம்புகளில் அடிக்கடி அடிபடும் பெயர் 'பால் பைத்தான்'. இந்த 'பால்' நாம் குடிக்கும் பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்துபோல் சுருட்டிக்கொள்ளும் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு இது. அதற்கு அடுத்து 'கார்ன் ஸ்நேக்' என்ற அமெரிக்கப் பாம்பு. இரண்டுக்கும் விஷம் கிடையாது. பார்க்க அழகு, வகை வகையான நிறங்கள், சமூக வலைதளத்தில் வீடியோ போட்டால் லைக் குவியும். ஆசை வர இவ்வளவு போதும்.

ஆனால், கள்ளத்தனமாக வாங்கிய பாம்போடு வளர்ப்பு முறை சேர்ந்து வருவதில்லை. என்ன கொடுப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது, எப்போது கையை உள்ளே விடக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. கடி வாங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் பல ஆண்டுகளாகப் பாம்பு வளர்ப்பவர்கள் சொல்லும் பாதுகாப்பு முறைகள் என்ன? இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? இந்தப் பழக்கம் தமிழ்நாட்டில் ஏன் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

பாம்பு கோபத்தில் கடிக்கிறதா?

பாம்புக் கடி இரண்டு வகை. ஒன்று, பயத்தில் கடிப்பது. இன்னொன்று, பசியில் கடிப்பது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பயத்தில் கடிக்கும் பாம்பு சட்டென்று கொத்திவிட்டு உடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். 'என்னை விடு' என்பதுதான் அதன் செய்தி. கடிப்பதற்கு முன்பு கழுத்தை 'எஸ்' வடிவில் வளைப்பது, சீறுவது, சுருண்டுகொள்வது என்று ஏதாவது ஓர் எச்சரிக்கை பெரும்பாலும் இருக்கும்.

பசியில் கடிப்பது வேறு மாதிரி. கவ்வும், விடாது, அடுத்த நொடியே உடம்பால் சுற்றிக்கொள்ளும். உங்கள் கை அதற்கு எலியாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் கோபமும் இல்லை, பகையும் இல்லை. நாய், பூனை போலத் தன் உரிமையாளர் மீது பாசம் வைத்து, 'இவர் நம்ம ஆள்' என்று யோசித்துக் கடிக்காமல் விடும் பிராணி பாம்பு இல்லை.

சாதுவான பாம்பு என்று பெயர் வாங்கிய பால் பைத்தான்கூட கடிக்கும் என்றால், பெரும்பாலும் அது இரை நேரத்தில் நடந்த குழப்பமாகத்தான் இருக்கும்.

கை எப்படி எலியாகத் தெரிகிறது?

பாம்பு தன் சுற்றுப்புறத்தைப் புரிந்துகொள்ள முக்கியமாக நம்பியிருப்பது வாசனையை. நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுக்கிறதே, அது காற்றில் இருக்கும் வாசனைத் துகள்களை எடுத்து வாயின் மேல் அண்ணத்தில் இருக்கும் ஓர் உறுப்பிடம் கொடுக்கிறது. எலியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் பாம்பிடம் போனால், அதன் கணக்கில் எலி வருகிறது என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது, வெப்பம். பால் பைத்தான் உள்ளிட்ட பல மலைப்பாம்புகளுக்கு உதட்டு ஓரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். இருட்டிலும் வெதுவெதுப்பான உடம்பு எங்கே இருக்கிறது என்று அவை காட்டிக்கொடுக்கும். மனிதக் கையும் வெதுவெதுப்பானதுதானே?

மூன்றாவது, பழக்கம். கூண்டுக் கதவு திறந்தால் சாப்பாடு வரும் என்று மட்டுமே பாம்புக்குப் பழக்கிவிட்டால், ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அது பாயத் தயாராக இருக்கும். தண்ணீர் மாற்றக் கையை விட்டாலும் கடி விழும்.

வாசனை, வெப்பம், பழக்கம். இந்த மூன்றையும் சரி செய்வதுதான் பாதுகாப்பாக இரை வைப்பதன் மொத்த ரகசியம்.

இரை வைப்பது எப்படி?

அனுபவசாலிகள் பின்பற்றும் முறை இதுதான்.

1. உறைய வைத்த எலியை முந்தைய நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்ப் பகுதிக்கு மாற்றி மெதுவாக இளக விட வேண்டும். மனிதர் சாப்பிடும் பொருட்களோடு ஒரே ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

2. இளகிய எலியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் உயிருள்ள எலியின் உடல் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்துவிடும். மைக்ரோவேவ் அவனில் வைக்கவே கூடாது. வெளியே சில்லென்று இருக்கும், உள்ளே வெந்திருக்கும், சில நேரம் வெடிக்கவும் செய்யும்.

3. நடுப்பகுதி இன்னும் உறைந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே ஐஸாக இருக்கும் எலியை விழுங்கினால் பாம்புக்குச் செரிக்காது.

4. எலியைக் கையால் நீட்டக் கூடாது. நீளமான இடுக்கியால் எலியின் வால் பக்கத்தையோ பின்பகுதியையோ பிடித்து, தலை பாம்பின் பக்கம் இருக்கும்படி நீட்ட வேண்டும். பாம்பு இரையை எப்போதும் தலையில் இருந்து விழுங்கத்தான் பார்க்கும்.

5. பாம்பு கவ்வியதும் இடுக்கியை விட்டுவிட்டுக் கூண்டை மூடிவிட வேண்டும். 'எப்படி முழுங்குதுன்னு பார்ப்போம்' என்று முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோவதும், வீடியோ எடுக்கக் கையை உள்ளே விடுவதும் வேண்டாத வேலை.

6. ஒரே கூண்டில் இரண்டு பாம்புகள் இருந்தால் ஒன்றாக இரை வைக்கவே கூடாது. இரண்டும் ஒரே எலியைப் பிடித்தால், ஒரு பாம்பு இன்னொன்றையும் சேர்த்தே விழுங்க ஆரம்பித்துவிடும்.

7. வேலை முடிந்ததும் கையை சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். பாம்பைத் தொடுவதற்கு முன்பும் கழுவ வேண்டும்.

சாப்பாட்டுக்கு இல்லாமல் சும்மா கூண்டைத் திறக்கும் நாளில் என்ன செய்வது? அதற்கும் ஒரு எளிய வழி இருக்கிறது. முனை மழுங்கிய கொக்கிக் கம்பியால் பாம்பின் உடம்பை, தலைப் பக்கம் இல்லாமல், லேசாகத் தட்ட வேண்டும். 'இன்று சாப்பாடு இல்லை' என்பதற்கான சமிக்ஞை அது. தொடர்ந்து செய்தால் கம்பி பட்டதும் பாம்பு பாயும் மனநிலையில் இருந்து இறங்கிவிடும். பெரிய பாம்பு வளர்ப்பவர்களிடம் இது கட்டாயப் பழக்கம்.

எவ்வளவு பெரிய எலி, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

பொதுவான கணக்கு இதுதான்: பாம்பின் உடம்பில் பருமனான இடம் எவ்வளவு அகலமோ, எலியும் ஏறக்குறைய அதே அகலம் இருக்கலாம். அதைவிடப் பெரிதாகக் கொடுத்தால் பாம்பு பாதியில் கக்கிவிடும். ஒருமுறை கக்கிவிட்டால் உடனே மறுபடி இரை வைக்கக் கூடாது, ஓரிரு வாரம் இடைவெளி வேண்டும்.

குட்டிப் பாம்புகளுக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை எலிக்குஞ்சு. வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். 'பாவம், பசிக்குமே' என்று தினமும் கொடுத்தால், உடம்பு கொழுத்து ஈரலில் கொழுப்பு சேர்ந்து பாம்பு சீக்கிரம் செத்துப்போகும்.

இன்னொரு விஷயம். பால் பைத்தான் திடீரென்று வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். இனப்பெருக்கக் காலம், இடம் மாறியது, கூண்டின் சூடு சரியில்லாதது என்று காரணங்கள் பல. அந்த நேரத்தில் வாயைத் திறந்து திணிப்பதுதான் பலர் செய்யும் தவறு. திணிக்கும்போது கடியும் விழும், பாம்பின் வாயும் கிழியும். எடை குறைகிறதா என்று வாராவாரம் எடை போட்டுப் பார்த்து, குறைந்தால் ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போவதுதான் சரி.

செரிமானத்துக்குச் சூடு அவசியம். பால் பைத்தான் கூண்டில் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸும், மறுபக்கம் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். உடம்பைத் தேவையான சூட்டுக்குக் கொண்டுவர அது இங்கும் அங்கும் நகர்ந்துகொள்ளும்.

உயிருள்ள எலி கொடுத்தால் என்ன?

'காட்டில் உயிரோடதானே பிடிச்சுத் தின்னுது' என்று கேட்கலாம். காட்டில் பாம்புக்குத் தப்பி ஓட இடம் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் இல்லை. பசி இல்லாத பாம்போடு ஓர் எலியை இரவு முழுக்க அடைத்து வைத்தால், எலிதான் பாம்பைக் கடிக்கும். முதுகெலும்பு தெரியும் அளவுக்கு எலி கடித்துக் குதறிய பாம்புகள் வெளிநாட்டுக் கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல. எலிக்கும் அது தேவையில்லாத சித்திரவதை.

வளர்ப்பவருக்கும் ஆபத்து உண்டு. எலி துள்ளி ஓடும்போது பாம்பு குறி தவறும். அந்த நேரம் கை பக்கத்தில் இருந்தால் கடி கைக்குத்தான்.

எப்போது தொடவே கூடாது?

* இரை விழுங்கிய பிறகு குறைந்தது 48 மணி நேரம். தூக்கினால் கக்கிவிடும். இரை வாசனையில் இருக்கும் பாம்பு கையையும் கவ்வலாம்.

* சட்டை உரிக்கும் நேரத்தில். கண் நீலம் பூத்து மங்கலாகத் தெரிந்தால் அதற்குப் பார்வை சரியாக இல்லை என்று அர்த்தம். பயத்தில் கொத்தும்.

* எலி, கோழி, முயல் போன்றவற்றைத் தொட்ட கையோடு.

* புதிதாக வந்த முதல் ஒரு வாரம். இடம் பழகட்டும்.

* முகத்துக்குப் பக்கத்தில் எப்போதுமே வேண்டாம். தோளில் போட்டு செல்ஃபி எடுப்பதில் கண்ணுக்குத்தான் ஆபத்து.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

இது விஷமில்லாத, அடையாளம் உறுதியாகத் தெரிந்த வளர்ப்புப் பாம்புக்கு மட்டும் பொருந்தும்.

முதல் விதி, கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் தோல் கிழியும், பற்கள் உடைந்து உள்ளேயே தங்கும், பாம்பின் வாயும் புண்ணாகும். பல நேரம் 'இது எலி இல்லை' என்று புரிந்ததும் பாம்பே விட்டுவிடும்.

விடவில்லை என்றால் தலையின் மீது குளிர்ந்த தண்ணீரை மெதுவாக ஓட விடலாம். அதற்கும் விடாவிட்டால், கை கழுவும் சானிடைசரில் ஒரு துளியை அதன் வாய் ஓரத்தில் வைப்பது வளர்ப்பவர்களின் கடைசி வழி. உடம்பால் சுற்றியிருந்தால் வால் நுனியில் இருந்து பிரிக்க வேண்டும், தலைப் பக்கத்தில் இருந்து அல்ல.

விடுபட்டதும் காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவி, மருத்துவரைப் பார்த்து டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். வீக்கம், சீழ், காய்ச்சல் வந்தால் தாமதிக்கக் கூடாது.

வெளிநாடுகளில் பிரபலமான 'ஹாக்னோஸ்' என்ற பாம்புக்குப் பின்பல்லில் லேசான விஷம் உண்டு. அது நீண்ட நேரம் கவ்விக்கொண்டிருந்தால் கை வீங்கிவிடும். 'செல்லப் பாம்புக்கு விஷமே இருக்காது' என்ற பொதுக் கணக்கு தப்பு.

பெரிய பாம்புகள்: விளையாட்டு முடியும் இடம்

நான்கு அடி பால் பைத்தான் கடித்தால் ரத்தம் வரும், வலிக்கும், ஆறிவிடும். எட்டு அடிக்கு மேல் போன பாம்பின் கதை வேறு.

2009 ஜூலையில் அமெரிக்காவின் புளோரிடாவில், வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்பு இரவில் கண்ணாடித் தொட்டியில் இருந்து வெளியேறி இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. பாம்பின் நீளம் எட்டரை அடி. தொட்டிக்குச் சரியான மூடியோ பூட்டோ இல்லை. சுமார் ஒரு மாதமாகப் பாம்புக்கு ஒழுங்காக இரை வைக்கவில்லை என்பதும் தெரியவந்தது. குழந்தையின் தாய்க்கும் அவரது துணைவருக்கும் 2011ல் தலா 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷையரில், பல ஆண்டுகள் பாம்பு வளர்த்த அனுபவம் உள்ள ஓர் இளைஞர் தன் அறையில் இறந்துகிடந்தார். அவர் வளர்த்த சுமார் எட்டு அடி நீள ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு கூண்டுக்கு வெளியே இருந்தது. அவரது மரணத்துக்குப் பாம்புதான் காரணம் என்று 2018 ஜனவரியில் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார்.

மலைப்பாம்பு மூச்சைத் திணறடித்துக் கொல்கிறது என்றுதான் நெடுநாள் நம்பிக்கை. ஆனால் போவா பாம்புகள் எலிகளைச் சுற்றி இறுக்குவதை அளந்து 2015ல் வெளியான ஓர் ஆய்வு, சில நொடிகளிலேயே ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று காட்டியது. அப்படிப் பார்த்தால், 'பிடிச்சு விலக்கிக்கலாம்' என்று நினைக்கக்கூட நேரம் கிடைக்காது.

இதனால்தான் ஆறு, எட்டு அடிக்கு மேற்பட்ட பாம்புக்கு இரை வைக்கும்போதும் தூக்கும்போதும் பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள். கூண்டுக்குப் பூட்டு கட்டாயம். குழந்தைகள் தூங்கும் அறையில் பாம்புக் கூண்டே இருக்கக் கூடாது.

கடிக்காமலும் நோய் வரும்

பாம்புகள் நலமாகத் தெரிந்தாலும் அவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். இரையாகக் கொடுக்கும் எலியிலும் இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. பிரிட்டனில் 2015 முதல் பல ஆண்டுகள் நீடித்த ஒரு சால்மோனெல்லா பரவலுக்கு, ஊர்வனவற்றுக்கு இரையாக விற்கப்பட்ட உறைந்த எலிகளோடு தொடர்பு இருப்பதை அந்நாட்டுச் சுகாதாரத்துறை கண்டறிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகளும் உண்டு.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோர் ஊர்வனவற்றிடம் இருந்து விலகியே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறை சிங்க்கில் கழுவுவதும், எலியைச் சமையல் பாத்திரத்தில் இளக வைப்பதும் நேரடியாக நோயை வீட்டுக்குள் அழைப்பது மாதிரி.

பால் குடிக்கும், முட்டை தின்னும், அளவு பார்க்கும்... உண்மையா?

பாம்பு பாலூட்டி இல்லை, பால் அதன் உணவும் இல்லை. பாலைச் செரிக்கும் வசதி அதன் உடம்பில் கிடையாது. நாட்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து பாலை முன்னால் வைத்தால், தாகத்தில் குடிக்கும். அதைத்தான் வித்தை காட்டுபவர்கள் பக்தி என்று காட்டினார்கள். புற்றில் ஊற்றும் பால் பாம்புக்குப் போய்ச் சேர்வதும் இல்லை.

முட்டை? சில பாம்புகள் பறவை முட்டைகளைத் தின்னும். முட்டையையே நம்பி வாழும் பாம்பு இனங்கள் மிகச் சில. பால் பைத்தானுக்குக் கோழி முட்டையை உடைத்து ஊற்றுவதில் பயன் இல்லை.

'மலைப்பாம்பு பக்கத்துல நீளமா படுத்து, முழுங்க முடியுமான்னு அளவு பார்க்குமாம்' என்ற வாட்ஸ்அப் கதையும் உண்டு. பாம்பு இரையை அளந்து பார்ப்பதில்லை, பதுங்கியிருந்து பாயும். நீளமாகப் படுப்பது பெரும்பாலும் சூடு தேடித்தான்.

இந்தியாவில் பாம்பு வளர்க்கலாமா?

இந்தியக் காடுகளிலும் வயல்களிலும் வாழும் பாம்பை வீட்டில் வைத்திருக்க அனுமதி இல்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 அவற்றைக் காக்கிறது. முதல் பட்டியலில் உள்ள மலைப்பாம்பு, நல்ல பாம்பு போன்றவற்றைப் பிடித்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம்.

வெளிநாட்டுப் பாம்புகளுக்கு நீண்ட காலம் தெளிவான விதி இல்லாமல் இருந்தது. 2022ல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களும் சட்டத்தின் நான்காவது பட்டியலுக்குள் வந்தன. பால் பைத்தான் இதில் அடக்கம். 2024 பிப்ரவரி இறுதியில் வெளியான விதிகளின்படி, இத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. குட்டி பிறந்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து கொண்டுவர முறையான இறக்குமதி உரிமம் வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பாம்பை வாங்கினால் வாங்கியவரும் சிக்கலில் மாட்டுவார்.

சட்டச் சிக்கலோடு இன்னொரு நடைமுறைச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. திருட்டுத்தனமாக வாங்கியவர், பாம்புக்கு உடம்பு சரியில்லை என்றாலோ, கடித்துவிட்டது என்றாலோ மருத்துவரிடம் உண்மையைச் சொல்லத் தயங்குவார். இந்தத் தயக்கம் பல நேரங்களில் கடியைவிட ஆபத்தானது.

தமிழ்நாட்டில் உண்மையான ஆபத்து எங்கே?

ஒரு பால் பைத்தானைத் தூக்கிப் பழகிய கைக்குப் பயம் விட்டுப்போகும். 'பாம்புன்னா எனக்குத் தெரியும்' என்ற நம்பிக்கை வரும். அடுத்து வயல் வரப்பிலோ, புதிதாக வந்த லேஅவுட்டிலோ தடித்த உடம்பும் பழுப்புத் திட்டுகளுமாக ஒரு பாம்பு கிடக்கும். 'மலைப்பாம்புக் குட்டி' என்று நினைத்து எடுப்பார்கள். அது கண்ணாடி விரியனாக இருக்கலாம்.

இந்தக் குழப்பம் கற்பனை இல்லை. கண்ணாடி விரியனையும் மலைப்பாம்புக் குட்டியையும் மாற்றிப் புரிந்துகொண்டு கடி வாங்கிய சம்பவங்கள் இந்தியாவில் நடந்திருக்கின்றன. இரண்டுக்கும் தடித்த உடம்பு, முதுகில் பழுப்புத் திட்டுகள். கண்ணாடி விரியனின் திட்டுகள் சங்கிலிபோல் வரிசையாக இருக்கும், மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்று இருக்கும் என்று வித்தியாசம் சொல்வார்கள். ஆனால் மங்கிய வெளிச்சத்தில், பதற்றத்தில் அதைப் பார்த்து முடிவெடுப்பது உயிரைப் பணயம் வைப்பது. அதேபோல சுருட்டை விரியனை மண்ணுளிப் பாம்பு என்று நினைத்து எடுத்தவர்களும் உண்டு.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பீடு சொல்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் இதில் முக்கியமானவை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

அடையாளம் தெரியாத பாம்பு கடித்தால், மேலே சொன்ன தண்ணீர், சானிடைசர் கதை எதுவும் வேண்டாம். செய்ய வேண்டியது இதுதான்:

* பாம்பிடம் இருந்து விலகி, கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைக்க வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு, செருப்பைக் கழற்ற வேண்டும்.

* கயிறு, துணியால் இறுக்கிக் கட்டக் கூடாது. கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது.

* 108 ஆம்புலன்ஸை அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். மந்திரம், பச்சிலை என்று நேரத்தை விடக் கூடாது.

* பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போக வேண்டாம். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. மருத்துவர்கள் அறிகுறிகளையும் ரத்தம் உறையும் நேரத்தையும் பார்த்தே சிகிச்சை தருவார்கள்.

வெளிநாட்டு விஷப் பாம்பைக் கள்ளத்தனமாக வைத்திருப்பவருக்கு இந்த வழியும் இல்லை. அந்த இனத்துக்கான மருந்து இங்கே கிடைக்காது.

வளர்க்க முடியவில்லை என்றால்?

பால் பைத்தான் 20 முதல் 30 ஆண்டு வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஒரு பால் பைத்தான், 62 வயதைத் தாண்டிய பிறகு 2020ல் முட்டையிட்டுச் செய்தியானது. கல்லூரி மாணவர் ஆசைப்பட்டு வாங்கும் குட்டி, அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் கூண்டில் இருக்கும். அப்போது தோன்றும் யோசனை, 'ஏரிப் பக்கம் விட்டுடலாம்.'

அப்படி விட்டதன் விளைவை புளோரிடா இன்று வரை அனுபவிக்கிறது. செல்லமாக வாங்கி, தப்பியும் கைவிடப்பட்டும் போன பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்கிருந்த முயல், ரக்கூன் போன்ற விலங்குகளை ஏறக்குறைய துடைத்துவிட்டன. 2012ல் அமெரிக்கா அவற்றின் இறக்குமதியைத் தடை செய்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்தப் பாம்புகளைப் பிடிக்க 2017ல் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டவர்கள் செங்கல்பட்டு பகுதி இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். அதில் ஒன்று 16 அடி நீளம். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. யாரோ சிலர் வாங்கி வளர்க்க முடியாமல் விட்ட பாம்பைத் தேட, உலகின் மறுமுனையில் இருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

எனவே வெளிநாட்டுப் பாம்பை வளர்க்க முடியவில்லை என்றால் வெளியே விடக் கூடாது, வனத்துறையிடம் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் அதேதான். தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ போன் செய்ய வேண்டும்.

மொத்தத்தில், முறையாகப் பதிவு செய்து வளர்ப்பவருக்கு இடுக்கியும், கை கழுவும் பழக்கமும், பூட்டிய கூண்டும் இருந்தால் கடியில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். இவை மூன்றுக்கும் தயாராக இல்லாதவர் பாம்பு வாங்காமல் இருப்பதுதான் அவருக்கும், வீட்டுக் குழந்தைக்கும், அந்தப் பாம்புக்கும் நல்லது.